ஓரத்தைப் பிடி

எங்கள் வீட்டு பீரோவின் மேல், பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவில், ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் பல வருடங்களாகக் கிடக்கிறது. பழுப்புக் காகித உறைக்குள் இருக்கிறது. தை மாதத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளாகப் பார்த்துக் கம்பளி, மெத்தை எல்லாவற்றையும் வெளியே காயப் போடும்போது அதையும் இறக்கி ஜன்னலோரம் வைப்பேன். இந்த மலையின் ஈரத்தில் எதைச் சும்மா விட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். எடுக்கும்போது என் விரல்கள் தாமாகவே அதன் இரண்டு ஓரங்களுக்குப் போய்விடும். நடுவில் படவே படாது. “ஓரத்தைப் புடி கண்ணு, மூஞ்சியத் தொடாத” என்று சித்தப்பா சொல்லிச் சொல்லிப் பழகிய கை இது. அந்த ஃபிலிமில் இருப்பவை அவருடைய மகளின் எலும்புகள். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று உண்டு, வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. அப்பாவுக்கு அருவங்காட்டில் வேலை, சித்தப்பாவுக்கு ஊட்டியில் ஃபிலிம் செய்கிற ஃபேக்டரியில் வேலை. நான் ப்ளஸ் டூ படித்த காலத்தில் சித்தப்பாவின் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தேன். மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின் என்ற பசையில் வெள்ளி உப்பைக் கலந்து, பிளாஸ்டிக் சுருளின் மேல் ஆடை மாதிரி பூசுவார்கள். பூசுகிற இடத்தில் துளி வெளிச்சம் ஆகாது. விளக்கைப் போட்டால் மொத்தச் சுருளும் வீண். அதனால் ஷிஃப்ட் முழுக்கக் கும்மிருட்டு. ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமலிருக்க, நடக்கிறவர் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். “வர்றேன்” என்று கணீரென்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்வார். வருடக்கணக்கில் அப்படி நடந்த மனிதருக்கு வெளிச்சத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “வர்றேன்” என்பார். சமையலறைக்குப் போனாலும் “வர்றேன்”, குளிக்கிற அறைக்குப் போனாலும் “வர்றேன்”. ஒருமுறை மாரியம்மன் கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் போய் நின்று அப்படிச் சொல்லிவிட்டார். பூசாரி பயந்துபோய் விலகி நின்றார். சித்தியும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த ஒரு சொல்தான் பின்னால் அவர் கழுத்தை நெரித்தது.

பாப்பா பிறந்தபோது எல்லோரும் அவள் கண்களைத்தான் பேசினார்கள். வெள்ளை விழி வெள்ளையாக இல்லை, லேசான நீலம். சுடுபாலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் விளிம்பில் ஒரு நீலம் தெரியுமே, அந்த நிறம். பார்க்க வந்தவர்கள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். சித்திக்கு அதில் ஒரே பெருமை. ஆறேழு மாதத்தில், ஸ்வெட்டர் கைக்குள் குழந்தையின் கையை நுழைத்தபோது முதல் எலும்பு ஒடிந்தது. நுழைத்தது சித்தி. எங்கேயோ இடித்துக்கொண்டிருக்கும் என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் சில மாதம் கழித்து, ஒரு மாலையில், சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து வழக்கம்போல் குரல் கொடுத்தார், கையைக் கணப்புச்சட்டியில் சூடுபடுத்திக்கொண்டார், தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கினார். நான் எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பட்டாணிக் காய் உடைகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். அதன் பிறகு பாப்பா அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். அந்தத் தடவை தொடை எலும்பு.

ஆஸ்பத்திரியில், வீட்டில் யாராவது அடித்தீர்களா என்று கேட்டார்கள். கேட்பது அவர்கள் கடமை, அதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் துணைக்கு வந்திருந்தார். நல்ல மனுஷிதான். ஒரே சுவர், அதுவும் பலகைச் சுவர். சுவர் வழியே தன் காதில் விழுந்ததையெல்லாம் சித்தியின் அண்ணனிடம் அப்படியே சொன்னார். “நாங்க பொய் சொல்லலீங்க. தினமும் சாயங்காலம் அவரு ஒரு அதட்டல் போடுவாரு, ஒடனே புள்ள வீர்னு கத்தும். அப்பன் சத்தங் கேட்டாலே புள்ளைக்கு நடுக்கமுங்க.” உண்மையில் நடந்தது என்ன? ஏற்கெனவே ஒடிந்து சரியாகச் சேராத கை அது, தூக்கினால் வலிக்கும். மாலையில் முதலில் தூக்குகிறவர் அப்பா என்று பிஞ்சுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குரல் கேட்டால் வலி வரப்போகிறது என்று முன்கூட்டியே அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் குரலும் அழுகையும் மட்டும்தான் போயின. நடுவில் இருந்ததை அவர்களாக இட்டு நிரப்பிக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸ் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. ஃபேக்டரியில் இருட்டில் கூவுகிற எத்தனையோ பேரின் குடும்பங்கள் அங்கே இருந்தன, ஒருவருக்காவது விஷயம் பிடிபடவில்லை. எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

சித்தியின் அண்ணன் காரமடையிலிருந்து ஒரு ஜீப்பில் வந்தார். தங்கையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போவதென்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். நான் எழுந்து, “நான் பாத்தேனுங்க மாமா, சித்தப்பா சும்மாதான் தூக்கினாரு” என்றேன். “நீ அவிய பக்கத்துப் புள்ள, அப்படித்தான் சொல்லுவே” என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, “நீ சொல்லு ஆத்தா, உங்க ஊட்டுக்காரரு அடிச்சாரா இல்லியா?” என்று கேட்டார். எல்லாரும் சித்தியையே பார்த்தோம். சித்தப்பாவும் பார்த்தார். சித்தி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். “நானு அடுப்படியில இருந்தனுங்ண்ணா. நான் பாக்கலீங்” என்றாள். பொய் இல்லை, அவள் பார்க்கவில்லைதான். ஆனால் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை என்று சொன்னாள். சித்தப்பாவின் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. கோபம் வந்திருந்தால் தேவலை. சந்தேகப்பட்டது தன் கையையே என்பதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக, வார லீவில் அவர் ஊட்டியிலிருந்து பஸ் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து காரமடை போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். சில தடவை நானும் போயிருக்கிறேன். சித்தியின் அண்ணன் மரியாதையில் குறை வைக்க மாட்டார். “வாங்க மாப்ள, உக்காருங்க, பாப்பாளப் பாருங்க, உண்டுட்டுப் போங்க. தொட மட்டும் வேண்டாமுங்க” என்பார். சித்தப்பா உட்கார மாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டில் பக்கத்தில் நிற்பார். வாசலில் குரல் கொடுப்பதையும் அடியோடு விட்டுவிட்டார். குழந்தை அவர் சட்டை பட்டனை எட்டிப் பிடிக்கும். கட்டை விரலைப் பின்னால் மடக்கி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டும், அவளுக்கு மூட்டெல்லாம் அப்படி வளையும். அதைக் கண்டு மாமா வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். இவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பிறகு ஒரு நாள் மாமா வீட்டிலேயே குழந்தையின் இன்னொரு தொடையும் ஒடிந்தது. கட்டிலில் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்தாள், அவ்வளவுதான். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். தகவல் தெரிந்து சித்தப்பாவும் அப்பாவும் நானும் மலையிறங்கினோம். அங்கே இருந்த டாக்டரம்மா காலைப் பார்ப்பதற்கு முன்னால் பாப்பாவின் கண்களைப் பார்த்தார். இமையை விரலால் விலக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பல்லைப் பார்த்தார், விரல்களை வளைத்துப் பார்த்தார். தலை முதல் கால் வரை படம் எடுக்கச் சொன்னார். விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த, இப்போது எங்கள் பீரோ மேல் கிடக்கிற அந்த ஃபிலிமில் ஒரு கையைச் சுட்டிக்காட்டி, “இந்த முன்கையிலே ஒரு முறிவு சேர்ந்திருக்கே, ரொம்ப நாள் ஆகலே. இது எப்ப ஒடிஞ்சது?” என்று கேட்டார். சித்தியின் அண்ணன் கூரையைப் பார்த்தார். சித்திதான் கடைசியில் வாயைத் திறந்தாள். “தைப் பொங்கலப்போங்க. எங்கண்ணன் ஊட்டுல. வைத்தியருகிட்ட கட்டுப் போட்டமுங்க.” சித்தப்பா இல்லாத வீட்டில், அவர் நிழல்கூடப் படாத நாளில் ஒடிந்திருக்கிறது. வெளியே சொன்னால் பழி தங்கள் வீட்டு மேல் வரும் என்று மூடி மறைத்திருக்கிறார்கள். அந்த வாரம்கூட இவரை நிற்க வைத்துத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். எலும்பு என்றால் எல்லாரும் சுண்ணாம்பு என்று நினைக்கிறோம். சுண்ணாம்பு மட்டும் இருந்தால் அது கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ்தான், அழுத்தினால் ஒடியும். எலும்புக்குள்ளே கொலாஜன் என்று ஒரு நார் பின்னலாக ஓடுகிறது. அதுதான் எலும்புக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற குணத்தைத் தருகிறது. எலும்பில் மட்டுமல்ல, தோல், பல், மூட்டைக் கட்டியிருக்கிற தசைநார், விழியின் வெள்ளை எல்லாவற்றையும் அந்த நார்தான் பிடித்து நிறுத்துகிறது. இந்தக் குழந்தையின் உடம்புக்கு அந்த நாரைச் சரியாக முறுக்கத் தெரியவில்லை, பிறவியிலேயே. விழியின் வெள்ளை மெலிந்துபோனதால் உள்ளே இருக்கிற நிறம் நீலமாகத் தெரிகிறது. நாங்கள் திருஷ்டி கழித்த அழகு அது. “ஆட்டுக்கால் சூப்பு தினமும் குடுத்தமுங்களே, அது சேராதுங்களா?” என்று சித்தி கேட்டாள். “குடுங்க, தப்பில்லே. ஆனா வயித்துலே செரிச்சுரும், நாராப் போய்ச் சேராது” என்றார். அப்போதுதான் சித்தப்பா முதல் தடவையாகப் பேசினார். “அந்த நாரைக் காய்ச்சுனா ஜெலட்டினுங்களா?” டாக்டரம்மா ஆமாம் என்றார். “அதைத்தானுங்க நாங்க இந்த ஃபிலிமு மேல பூசறோம்” என்றார். எழுந்து போய் விளக்குப் பெட்டி முன்னால் நின்றார். கை பின்னால்தான் கட்டியிருந்தது. ஊரில் உள்ளவர்களுடைய எலும்பையெல்லாம் காட்டுவதற்காக அவர் நாரைப் பூசிக்கொண்டிருந்தார், மகளுக்கு அது வாய்க்கவில்லை.

யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சித்தியின் அண்ணன் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார், அதோடு சரி. சித்தியும் பாப்பாவும் ஊட்டிக்குத் திரும்பினார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை எப்படித் தூக்குவது என்று ஒரு நர்ஸ் காட்டிக்கொடுத்திருந்தார். அக்குளில் கை கொடுக்கக் கூடாது, கணுக்காலைப் பிடிக்கக் கூடாது, விரல்களை விரித்து உள்ளங்கையைப் பரப்பி அடியில் நுழைத்து, பாரம் எங்கும் சமமாக இறங்கும்படி மெல்லத் தூக்க வேண்டும். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஈரம் காயாத ஃபிலிமை, முகத்தைத் தொடாமல் முதுகுப்பக்கம் உள்ளங்கை கொடுத்து, அப்படித்தான் எடுப்பதாகச் சித்தப்பா செய்து காட்டியிருக்கிறார், ஒரு மடிப்பு விழாது. அந்த வீட்டில் அவளைத் தூக்கத் தகுந்த கை அவருடையதுதான். அந்தக் கைதான் வர மறுத்தது. சித்தி கெஞ்சினாள், அழுதாள், ஒரு தடவை குழந்தையை அவர் முன்னால் கிடத்திவிட்டு வெளியே போய் நின்றாள். “நீ தூக்கிக்க சாமி. நான் பாத்துக்கறேன்” என்பார், கை முதுகுக்குப் போய்விடும். சித்தியின் மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. தன் கை அடித்ததோ என்று ஒரு வருடம் ராத்திரி பகலாக யோசித்த மனிதரால், இல்லை என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் மாறிவிட முடியவில்லை.

பாப்பா வளர்ந்தாள், உயரம் மட்டும் வளரவில்லை. முதுகு கூன் விழுந்து நெஞ்சுக்கூடு ஒரு பக்கம் ஒடுங்கியது. வாய் மட்டும் ஊசிப்பட்டாசு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு அக்காவையே அதிகாரம் செய்வாள். நாற்காலியைத் தள்ளுவது சித்தப்பாவின் வேலை. கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் வரை போவார். நாற்காலியிலிருந்து இறக்க வேண்டுமென்றால் சித்தியையோ, லீவில் வந்திருந்தால் என்னையோ கூப்பிடுவார். ஒரு நாள் என் முன்னால்தான் அவள் கேட்டாள். “ஏனுங்கப்பா, ஃபிலிமுன்னா ஓரத்தைப் புடிக்கோணும். எனக்கு ஒடம்பு முச்சூடும் ஓரந்தான். எங்க வேணாலும் புடிக்கலாமுங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கொடியில் காய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அவள் என்னைப் பார்த்து, “உங்க சித்தப்பாவுக்குப் பயமுங்க்கா. ஒடைஞ்சா ஒடையட்டும், எனக்கென்ன புதுசா?” என்றாள். அப்போது அவளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருந்தது. காதுக்குள் இருக்கிற துணுக்கு எலும்புகளையும் அந்த நோய் விடவில்லை. அதனால் அவர் வாசலில் குரல் கொடுப்பதை மறுபடியும் ஆரம்பித்தார், முன்னைவிடச் சத்தமாக. அவள் கையைத் தட்டி, கேட்டுவிட்டது என்று தெரிவிப்பாள்.

பதினாறு முடிவதற்குள் போய்விட்டாள். மார்கழிக் குளிரில் சளி பிடித்தது. ஒடுங்கிய நெஞ்சில் சளியை வெளியே தள்ள இடமில்லை. இருமி இருமியே விலா எலும்பு ஒடிந்தது, ஒடிந்த வலியில் இருமப் பயந்தாள், இருமாததால் மூச்சு முட்டியது. கடைசி நாட்களில் சித்தி அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா கால்மாட்டில் நின்றார். கொடுமை என்று சொல்லிவிட்டு மேலே போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கல்யாணம் ஆகாத பெண்ணை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. நான் போனேன், தடுத்தவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டு போனேன். பொடி மழை. சிவப்பு மண் சேறாகிக் கிடந்தது. சித்தியின் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் துணியின் நான்கு முனைகளைப் பிடித்துக் குழிக்குள் இறக்கப் போனார்கள். ஈரத்தில் ஒருவர் கால் வழுக்கியது. துணி ஒரு பக்கம் சரிந்தது. “மெல்லப் புடிங்க, மெல்லப் புடிங்க” என்று சித்தப்பா கத்தினார். அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. பெற்றவன் குழிக்குள் இறங்கக் கூடாது என்று யாரோ சொல்வதற்குள் குதித்து இறங்கிவிட்டார். உள்ளே நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். உள்ளங்கை விரிந்து, விரல்கள் விரிந்து, அந்த நர்ஸ் காட்டிக்கொடுத்தபடியே இருந்தன. “பாப்பா, வர்றேன்” என்று சத்தமாகச் சொன்னார். அவள் காதுக்கு எட்டுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அவளை வாங்கினார். ஒரு எலும்பும் அசையாமல் மண்ணில் படுக்க வைத்தார். சித்தியின் அண்ணன் மேலே நின்று வாய்விட்டு அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஃபிலிமுக்கே தேவையில்லாமல் போய், அந்த ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். என் மகனுக்குப் போன மாதம் கிரிக்கெட்டில் விரல் பிசகியபோது, எக்ஸ்ரே போனில்தான் வந்தது. சித்தியும் போன பிறகு, சித்தப்பாவை நான்தான் அருவங்காட்டுக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணிலும் புரை. நடக்கும்போது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான். என் மகன் அதைப் பார்த்து, “தாத்தா போலீஸ் ஆபீசர் மாதிரி நடக்கறாரு” என்கிறான்.

இந்தத் தையில் வெயிலில் காய வைக்க அந்த ஃபிலிமை உறையிலிருந்து எடுத்தேன். போன வருடம் உடம்பு சரியில்லாமல் எதையும் காயப் போடவில்லை. அதற்குள் பூஞ்சை மொத்தமும் படர்ந்திருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பெல்லாம் அரித்து, எலும்பின் வெள்ளை எது, பூஞ்சையின் வெள்ளை எது என்று பிரித்தறிய முடியவில்லை. சித்தப்பா பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். வழக்கம்போல ஓரங்களைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலியே கண்ணு. அந்தக் கை தெரியுதா பாரு” என்றார்.

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. காரமடையில் ஒடிந்த கை, அவரைக் குற்றமில்லாதவர் என்று சொன்ன ஒரே கை.

“இல்லீங்க சித்தப்பா. பூஞ்சை தின்னுருச்சு.”

“ஜெலட்டினு ஆச்சே. ருசியா இருந்திருக்கும்” என்றார். கையைத் தாழ்த்தி, “போச்சாது வுடு. அதுல இருந்ததெல்லாம் ஒடைஞ்சதுதானே” என்றார்.

ஃபிலிமை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, அதன் நடுவில் முழுசாகப் பதித்து வைத்தார். மூஞ்சியத் தொடாதீங்க என்று பழக்க தோஷத்தில் என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். வெயில் ஜன்னலை விட்டு நகரும் வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.